கனிவு வாங்கியவர்கள்

அந்த ஊரில் 'கனிவு' என்றால் திட்டு. வாய்க்குள் முணுமுணுக்கிற திட்டு இல்லை. ஆளை நிற்க வைத்து, மூச்சு விடாமல், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு பேர் முன்னால் கேட்டால்தான் அதற்குக் கனிவு என்று பெயர். "நேத்து மேனேஜர்கிட்ட செம கனிவு வாங்கினேன்டா" என்பான் ஒருவன். "வீட்டுக்குப் போனா கனிவு காத்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இன்னொருவன் நேரத்தைக் கடத்துவான். வெளியூரிலிருந்து மருமகளாக வந்த ஒருத்தி, விவரம் தெரியாமல், "எங்க அத்தைக்கு என்மேல ரொம்பக் கனிவு" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்ல, அது அத்தை காதுக்கு எட்டி, சொல்லுக்குப் பொருளை அன்றைக்கே முழுசாகக் கற்றுக்கொண்டாளாம்.

எப்படி வந்தது இந்தச் சொல் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 'கனல்' என்பதுதான் வாய்க்கு வாய் மாறிக் கனிவாயிற்று என்று கல்லூரி வாத்தியார் ஒருவர் அடித்துச் சொன்னார். பழுத்த பழத்தைப் பிழிகிற மாதிரி ஆளைப் பிழிந்தெடுப்பதால் கனிவு என்றார் மருந்துக்கடைக்காரர். கேட்டவர்கள் இரண்டுக்கும் தலையை ஆட்டினார்கள். உண்மைக் காரணம் தெரிந்தவர்கள் சிலர்தான். அவர்களில் ஒருத்தி மைக்கம்மா. அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

மைக்கம்மாவுக்கு வேலை, பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது. நிலையத்தின் நட்டநடுவில், நான்காவது மேடைக்கு நேரெதிரே, மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கிற மைக், ஒரு பச்சை சுவிட்ச், தலைக்கு மேல் கடகடக்கிற மின்விசிறி. கண்ணாடிக்கு உட்புறம் கம்பியில் ஓடுகிற நீலத் திரை ஒன்று. காலையில் போய் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம் வரை அங்கேதான். எந்த பஸ் எந்த மேடை என்று டைம்கீப்பர் வந்து ஜன்னலில் சொல்லிவிட்டுப் போவார். அவள் சுவிட்சை அழுத்துவாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிப்பாள்.

அந்தக் குரலுக்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். ஏறாது, இறங்காது, ஒரு எழுத்தை விழுங்காது. பஸ் ரத்து என்றாலும் அதே குரல்தான், வந்துவிட்டது என்றாலும் அதே குரல்தான். ஆனால் வீட்டில் அவள் பேசுவது அபூர்வம். கல்யாணம் கூடி வரவில்லை. தங்கை வீட்டு மாடியறையில் இருந்தாள். "எங்க அக்கா பேசிக் கேட்கணும்னா நானே பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகணும்" என்று தங்கை கேலி பண்ணுவாள். சண்டை என்று வந்தால் மைக்கம்மா எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்று ஊரே நினைத்திருந்தது. அவளும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவளுக்கு நாற்பது தாண்டியிருந்த சமயம். ஒரு நாள் காலை, பெரியவர் ஒருவர் நான்காவது மேடைக்கு வந்து சேர்ந்தார். துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை, கையில் துணிப்பை, கண் ஆபரேஷன் ஆனவர்கள் போடுகிற, பக்கவாட்டையும் மூடும் கறுப்புக் கண்ணாடி. பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். தலையைத் தூணில் சாய்த்துக்கொண்டார். முகம் அவள் அறையைப் பார்த்தபடி இருந்தது.

முதலில் அவள் கவனிக்கவில்லை. இரண்டு மூன்று அறிவிப்புக்குப் பிறகுதான், யாரோ பார்த்துக்கொண்டே இருப்பது உறைத்தது. கண்ணாடி அறையில் உட்காரும் பெண்ணுக்கு முறைக்கிறவர்கள் புதிசு இல்லை. கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், பஸ் வந்ததும் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. பஸ்ஸுக்கு மேல் பஸ்ஸாக வந்து போயிற்று. அவர் முகத்தைத் திருப்பவே இல்லை. "இந்த வயசுலயும் இந்தப் புத்தி" என்று முணுமுணுத்துவிட்டு, மைக்கம்மா எழுந்து அந்தப் பக்கத்துத் திரையைச் சரக்கென்று இழுத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவள் திரையை லேசாக விலக்கிப் பார்த்தாள். அதே கறுப்புக் கண்ணாடி, அதே சாய்ப்பு. மறுபடியும் இழுத்து மூடினாள்.

சாயங்காலம், கூட்டம் நெருக்கியடிக்கிற நேரத்தில், நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிற பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அக்கா, அந்தப் பெரியவர்கிட்ட காலைத் தூக்குங்கன்னு சொன்னேன். தூக்கலை. நானே தொட்டுத் தூக்கினேன். கட்டை மாதிரி இருக்குக்கா."

மைக்கம்மா திரையைத் திறந்தாள். பெரியவரின் மடியில் யாரோ ஒரு பெரிய பையை வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளில் முழங்கையை ஊன்றிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலையில் காலில் இருந்த செருப்பைக் காணோம்.

அவள் எழுந்திருப்பதற்குள் டைம்கீப்பர் ஜன்னலுக்கு வந்துவிட்டார். பின்னால் ஒரு ஆள் போர்வையோடு மேடையை நோக்கி ஓடினான்.

"விஷயம் தெரியும், தெரியும்" என்றார் குரலைத் தாழ்த்தி. "இப்ப வெளியில சொன்னா கூட்டம் மிரண்டு போயிடும். ஒரு பஸ்ஸை எடுக்க முடியாது. மூடி வெச்சுட்டு, நெரிசல் குறைஞ்சதும் வண்டிக்குச் சொல்லலாம். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. நாலாவது மேடையில பராமரிப்பு வேலை நடக்குது, எல்லா பஸ்ஸும் ஆறாவது மேடைக்கு வரும்னு."

"பராமரிப்பு வேலையா?"

"வேற என்னம்மா சொல்றது? சொல்லுங்க, சொல்லுங்க."

அவள் பச்சை சுவிட்சை அழுத்தினாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது மைக்கம்மாவுக்குத் தெரியாது. மறைக்கிறாள் என்று பலர் நினைத்தார்கள். இல்லை. நிஜமாகவே தெரியாது. அந்தச் சொற்களைச் சொன்னது ஞாபகம் இருந்தது. அப்புறம் பெருக்குகிற பெண் தன் முகத்தில் தண்ணீர் அடித்ததும், தொண்டை ரணமாக எரிந்ததும் ஞாபகம் இருந்தது. நடுவில் இருந்தது அப்படியே துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது.

ஊருக்குத் தெரியும். எல்லா மேடையிலும் ஒலிபெருக்கி, வாசலில் இரண்டு, பின்னாலிருந்த சந்தைப் பக்கம் ஒன்று. அத்தனையிலும் அவள் குரல். வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது, அதனால் யாரும் நிமிரவில்லை. பிறகு ஒருவர் நிமிர்ந்தார், இருவர் நிமிர்ந்தார்கள். டிரைவர்கள் இன்ஜினை அணைத்தார்கள். யார் யாரையெல்லாம் அடையாளம் தெரிந்ததோ, ஒருவரையும் விடவில்லையாம். பிடிபிடியென்று பிடித்து உலுக்கிவிட்டாளாம். கடைசியில் டைம்கீப்பர் அறைக்குள் பாய்ந்து வயரைப் பிடுங்கிய பிறகுதான் நிலையம் அமைதியானது. ஆம்புலன்ஸ் வந்து பெரியவரைத் தூக்கிப் போகும்வரை ஒருவரும் பஸ் ஏறவில்லை. எத்தனையோ பேர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். விசாரணை என்று ஏதோ நடந்தது. பிறகு, இனிமேல் யார் கையிலும் நேரடியாகப் பேசுகிற மைக்கைக் கொடுப்பதில்லை என்று மேலிடத்தில் முடிவாயிற்று. ஊர்ப் பெயர்களையும் எண்களையும் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்து இயந்திரத்தை வைத்தே கோத்துச் சொல்ல வைக்கலாம் என்றார்கள். அதற்கும் நல்ல குரல் வேண்டுமே. மைக்கம்மாவையே கூப்பிட்டார்கள். பஞ்சு ஒட்டிய ஒரு அறையில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு ஊராகச் சொன்னாள். பிறகு அவளை பஸ் பாஸ் கொடுக்கிற கவுன்ட்டரில் போட்டார்கள். அவள் ஓய்வு பெறும்வரை அங்கே வாயைத் திறக்காமல் பாஸில் முத்திரை குத்த, தலைக்கு மேல் அவளுடைய குரலே நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. சில நேரம் தன்னையறியாமல் அதோடு சேர்ந்து உதட்டை அசைப்பாள். அசைந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொள்வாள்.

அந்த ஒலிப்பதிவு 'கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தாலே நிலையத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். "வருது பாரு கனிவு" என்பார் கண்டக்டர். கண்டக்டர்கள் வாயிலிருந்து டிரைவர்களுக்குப் போய், அவர்கள் வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடத்துக்குப் போய், சந்தைக்குப் போய், கொஞ்ச காலத்தில் ஊர் முழுக்க அது சாதாரணச் சொல்லாகிவிட்டது. பெரியவரை மறந்தார்கள். மைக்கம்மாவையும் மறந்தார்கள். சொல் மட்டும் நின்றது.

அவளால் தப்ப முடியவில்லை. பல் டாக்டரிடம் போனால், பக்கத்து நாற்காலிப் பெண் போனில், "நல்லா கனிவு குடுத்தேன், இனி வாலைச் சுருட்டிக்கிட்டு இருப்பான்" என்று சிரிப்பாள். மைக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடும். சிரிக்கிறவளின் பின்னால், சுவரோரமாக, தலையைச் சாய்த்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கண் தானாகத் தேடும். கறுப்புக் கண்ணாடி போட்ட யாரும் அவளுக்கு நேரே உட்காரக் கூடாது. பஸ்ஸில் அப்படி ஒருவர் உட்கார்ந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். மாடியறைக்குத் திரை போடக் கூடாது என்று தங்கையிடம் சொல்லிவிட்டாள். வெயில் நேரே முகத்தில் அடிக்கும். "கருவாடா காயப் போறியா?" என்று தங்கை சத்தம் போடுவாள். திரையை இழுத்ததை மைக்கம்மா யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு மைக்கில் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது. எல்லாரையும் கேட்டேனே, என்னைக் கேட்டுக்கொண்டேனா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, இருந்தவர்களிடம் விசாரிப்பது. அதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து, ஒரு முற்பகல், நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பஸ் ஸ்டாண்டுல மைக்ல பேசுனவங்க வீடு இதுதானா?"

"அக்கா தூங்குறாங்க. என்ன விஷயம்?" தங்கை கதவை முழுதாகத் திறக்கவில்லை. கேலி பேச வருகிறவர்கள் முன்பெல்லாம் உண்டு.

"அன்னைக்கு பெஞ்சுல இறந்து கிடந்தவர் எங்க அப்பா."

தங்கை கதவை முழுதாகத் திறந்துவிட்டாள். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மைக்கம்மா, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

மகள் வேறொரு ஊரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். அப்பா இறந்ததாகச் செய்தி வந்து அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, பஸ் நிலையத்திலிருந்து வந்தவர்கள் அவளிடம் சொன்னது இது: வந்து உட்கார்ந்ததுமே மயங்கிவிட்டார், உடனே பார்த்துத் தூக்கினோம், வழியில் உயிர் போய்விட்டது. அதை நம்பித்தான் இத்தனை வருஷமும் அவள் இருந்தாள். போன மாதம் அவளோடு வேலை செய்ய இந்த ஊர்ப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். "டாக்டர்கிட்ட கனிவு வாங்கிட்டேன்" என்று முகத்தைத் தொங்கப் போட்டாள். "கனிவுன்னா நல்லதுதானே?" என்று இவள் கேட்க, அந்தப் பெண் தன் மாமா சொன்ன கதையைச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தர் பகல் பூரா செத்து உட்கார்ந்திருந்தார், ஒருத்தரும் கவனிக்கலை, மைக்ல பேசுற அம்மா ஊரையே நிக்க வெச்சுத் திட்டினாங்க.

"சொல்லும்போது அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா" என்றாள் மகள். "அவளுக்கு என்ன தெரியும்? நான் கையிலிருந்த ரத்தப் புட்டியைக் கீழே வெச்சுட்டு வெளியே போயிட்டேன்."

மைக்கம்மா அவளை உட்காரச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "அவரு ஏம்மா என் ரூமையே பார்த்துக்கிட்டிருந்தாரு?"

"பார்க்கலைம்மா. அவருக்கு ஒரு கண்ணு ஆபரேஷன் ஆகி மூணாம் நாள். இன்னொண்ணுல ஏற்கெனவே பார்வை இல்லை. பஸ் போர்டு படிக்க முடியாது. கூட வரேன்னு சொன்னேன், லீவு கிடைக்கலை. அதனால நான்தான் சொன்னேன், மைக் ரூம் எதிர்லேயே உட்காருங்கப்பா, அவங்க தெளிவா சொல்வாங்க, காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு இருந்தா போதும்னு."

தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மைக்கம்மா நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். அவர் தன்னைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஊர் பஸ்ஸை அன்றைக்கு அவளே திரும்பத் திரும்ப அறிவித்திருப்பாள். எந்த அறிவிப்பு வரை அவர் காது கேட்டது? திரையை இழுத்தபோது அவர் உயிரோடு இருந்தாரா? கம்பியில் வளையம் உரசுகிற அந்தச் சரக் அவருக்குக் கேட்டிருக்குமா?

"எங்க அப்பாவுக்காக நீங்க என்ன பேசுனீங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றாள் மகள். "அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"தெரியாதும்மா. சத்தியமா எனக்கு ஒரு வார்த்தை ஞாபகமில்லை."

மகளின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் மைக்கம்மா எழுந்து செருப்பை மாட்டினாள். "வா. கேட்டவங்க இருக்காங்க. போய் விசாரிக்கலாம்." ஓய்வு பெற்ற பிறகு எட்டிக்கூடப் பார்க்காத அந்த இடத்துக்கு அவளே முன்னால் நடந்தாள்.

டீக்கடைக்காரர் அதே முதல் மேடை மூலையில்தான் இருந்தார். தாடி மட்டும் நரைத்திருந்தது. மைக்கம்மாவைக் கண்டதும் பாய்லர் குழாயை மூட மறந்துபோய் நின்றார். விஷயத்தைச் சொன்னதும் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்குச் சொன்னது எனக்கு மறக்கலைங்க" என்றார் மகளைப் பார்த்து. "'டீக்கடைக்காரரே, சூடா இருக்கான்னு கிளாஸைத் தொட்டுத் தொட்டுப் பார்க்குறீங்க. பகலெல்லாம் எதிர்ல ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்காரு, ஒரு தடவை தொட்டுப் பார்த்தீங்களா?' அப்படின்னாங்க. நான் ரெண்டு வாட்டி அவர்கிட்ட போய் 'ஐயா டீ வேணுமா'ன்னு கேட்டேன். பதில் இல்லை. பெரிய திமிரு புடிச்ச ஆளுன்னு திரும்பிட்டேன்."

"வேற என்ன சொன்னாங்க?"

"மத்தவங்களுக்குச் சொன்னது எனக்கு எதுவும் நினைவில்லைங்க." அவர் சங்கடமாகச் சிரித்தார். "ம்... பை வெச்ச அம்மாவை என்னவோ கேட்டாங்க. மடியா, அலமாரியான்னு. அந்த அம்மா பையை எடுத்துக்கிட்டு அழுதுகிட்டே நின்னாங்க."

பேப்பர் விற்கிறவர் அந்தப் பேச்சில் இன்னொரு துண்டை வைத்திருந்தார். "எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு சொன்னாங்க. 'தள்ளி உட்காருங்கன்னு அவர்கிட்ட எத்தனை பேர் கேட்டீங்க? பதில் வரலைன்னதும் கோபப்படத் தெரிஞ்சுதே, பயப்படத் தெரியலையா?' நானும் கேட்டவன்தான். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடலை. இப்பவும் யாராவது பதில் சொல்லலைன்னா எனக்குப் பயமா இருக்கு."

இப்படியே இருந்தது. ஒவ்வொருவரும் தன்மேல் விழுந்ததை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். மகள் ஒவ்வொன்றையும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். மைக்கம்மாவோ வேறு யாரோ பேசியதைக் கேட்கிற மாதிரி பக்கத்தில் நின்றாள். தலைக்கு மேல் அவளுடைய குரல் இடையிடையே பஸ் சொல்லிக்கொண்டிருந்தது.

டைம்கீப்பர் பக்கத்துத் தெருவில் மகன் வீட்டில் இருந்தார். முதலில் எரிந்து விழுந்தார். "என்னம்மா, பழைய குப்பையைக் கிளறுறீங்க? நான் ஒருத்தன்தான் குத்தவாளியா?" என்றார். பிறகு மகள் யாரென்று சொன்னதும் மெல்ல உட்கார்ந்தார்.

"'ஒரு பஸ் வரலைன்னா போன்மேல போன் போட்டுத் தேடுறீங்க. வந்த மனுஷன் எழுந்து போகலைன்னா தேட மாட்டீங்களா?' இதான் எனக்கு. என் பொண்டாட்டி அப்ப சந்தையில காய் வாங்கிக்கிட்டிருந்தா. ஒலிபெருக்கியில கேட்டுட்டா. வீட்டுக்கு வந்து அவளும் அதையே கேட்டா." அவர் மகளிடம், "உடனே தூக்கினோம்னு உன்கிட்ட சொல்லச் சொன்னதும் நான்தான்மா" என்றார். மகள் முன்னால் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்கள். அவள் குடிக்கவில்லை.

வெளியே வந்ததும் மைக்கம்மா தயங்கி நின்றாள். "இன்னும் ஒருத்தி இருக்கா."

பெருக்குகிற பெண் இப்போது நிலையத்துக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்கிறாள். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மைக்கம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா நான் என்ன சொன்னேன்? நீதானே பக்கத்துல இருந்தே?" என்று கேட்டாள் மைக்கம்மா.

பெருக்குகிற பெண் மகளை ஒரு முறை பார்த்தாள். "சொல்லலாமாக்கா?"

"சொல்லு."

"வயரைப் பிடுங்குனதுக்கு அப்புறமும் நீங்க நிறுத்தலையேக்கா. மைக்கு செத்துப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியலை. வெளியில யாருக்கும் கேட்கலை. உள்ள இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. 'எல்லாரையும் கேட்டேனே, நான் யோக்கியமா? என்னைப் பார்க்குறாருன்னு திரையை இழுத்து விட்டேனே, ரெண்டு தடவை இழுத்தேனே, ஒரு தடவை எழுந்து வெளிய வந்தேனா'ன்னு தலையில தலையில அடிச்சுக்கிட்டீங்க. அப்புறம்தான் விழுந்தீங்க. அதான் தண்ணி அடிச்சேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள். மைக்கம்மா தலையைக் குனியவில்லை. இத்தனை காலம் எதற்குப் பயந்தாளோ அது நேரே வந்து நின்றது. சொல்லியிருக்கிறாள். ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குக் கேட்காமல் சொல்லியிருக்கிறாள்.

"ஆமாம்மா" என்றாள். "திரையை இழுத்தேன்."

மகள் கழிப்பறைச் சுவரில் சாய்ந்தாள். "அதுல எனக்கு ஏதாவது இருந்துச்சா?"

"உனக்கா?"

"பெத்த பொண்ணு எங்கே போனா, கண்ணு தெரியாத மனுஷனைத் தனியா விட்டுட்டான்னு... அப்படி ஏதாவது சொன்னீங்களா? அப்பா போனப்ப எல்லாரும் ஆறுதல்தான் சொன்னாங்க. உன் தப்பு இல்லை, உன் தப்பு இல்லைன்னு. ஒருத்தர்கூட என்னைத் திட்டலை. அந்தப் பொண்ணு கதையைச் சொன்னப்ப நான் முதல்ல நினைச்சது அதைத்தான். ஊரையே திட்டுனவங்க என்னையும் திட்டியிருப்பாங்க, போய் வாங்கிக்கணும்னு."

பெருக்குகிற பெண் யோசித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "குடும்பத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலைம்மா."

"அப்ப இப்ப சொல்லுங்க" என்றாள் மகள் மைக்கம்மாவிடம். அவள் கண் கலங்கவில்லை. வேலைக்கு வந்தவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள். "நான் நிக்குறேன். திட்டுங்க."

மைக்கம்மா வாயைத் திறந்தாள். ஏதாவது வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ அந்த இடம் வெறுமையாக இருந்தது. "வரலைம்மா" என்றாள் கடைசியில். "யாருக்கு என்ன நிலைமைன்னு தெரியாததாலதான் அன்னைக்கு வந்துச்சு. இப்ப உன் நிலைமை தெரிஞ்சுபோச்சே. லீவு கேட்டதும் தெரியும், கிடைக்காததும் தெரியும். நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உன்னைக் கேட்பேன்?"

மகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு பேரும் நான்காவது மேடை வரை நடந்தார்கள். பெஞ்சு மாறியிருந்தது. இப்போது இருப்பது இரும்பு நாற்காலிகள். தூண் மட்டும் அதுவேதான். தலை சாய்த்துச் சாய்த்து மனிதர்கள் விட்டுப்போன எண்ணெய்க் கறை அதில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்துக்குப் படிந்திருந்தது. மகள் அதைத் தொடவில்லை, பக்கத்தில் நின்றாள். அவளுடைய ஊர் பஸ்ஸை ஒலிபெருக்கி சொன்னது. ஏறிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்புகிற வரை மைக்கம்மாவையே பார்த்துக்கொண்டு போனாள். கையசைக்கவில்லை. அவள் மறுபடியும் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை போன் மட்டும் செய்வாள். "நல்லா இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேம்மா" என்பாள் மைக்கம்மா. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது, ஆனாலும் சட்டென்று வைத்துவிட மாட்டார்கள்.

அதற்குப் பிறகு மைக்கம்மா தினமும் பஸ் நிலையத்துக்குப் போக ஆரம்பித்தாள். மத்தியான வெயிலில், பயணிகள் சுருண்டு கிடக்கிற நேரத்தில், மேடை மேடையாக நடப்பாள். யாராவது அசையாமல் தூங்கினால் பக்கத்தில் போய்க் குனிந்து பார்ப்பாள். சந்தேகமாக இருந்தால் தோளைத் தொட்டு எழுப்புவாள். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல உனக்குப் பைத்தியம்னு பட்டம் கட்டப் போறாங்க" என்றாள். புது டைம்கீப்பரிடம் புகார் போயிற்று. அவர் வந்து கெஞ்சிப் பார்த்தார். மைக்கம்மா கேட்டுக்கொண்டாள். மறுநாளும் போனாள்.

எழுப்பப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? நல்ல தூக்கம் கெட்டுப்போன ஆத்திரத்தில், "ஏம்மா, அறிவு இருக்கா உங்களுக்கு? நாலு நாள் கழிச்சு இப்பதான் கண்ணை மூடுறேன், மனுஷனை நிம்மதியா இருக்க விடமாட்டீங்களா?" என்று எழுந்து உட்கார்ந்து கத்துவார்கள். சிலர் கை ஓங்குவார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மைக்கம்மா நகரமாட்டாள். மன்னிப்பும் கேட்கமாட்டாள். கத்துகிறவரின் மார்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடியும் ஏறுகிறது. அவர் கத்தி ஓய்கிற வரை நின்று கேட்டுவிட்டு, "சரிப்பா, தூங்கு" என்று சொல்லி அடுத்த வரிசைக்குப் போவாள்.